இரண்டாவது ஆள்

விடிவதற்கு முன்பே கெளுத்தி மீன்கள் ஆலைக்கு வந்துவிடும். குளத்திலிருந்து லாரியில் உயிரோடு வந்து, இயந்திரத்தில் தலையைப் பறிகொடுத்து, பெல்ட்டில் அர்லீத்தாவின் முன்னால் விழும்போதும் சில உடல்கள் நெளிந்துகொண்டிருக்கும். கணுக்காலளவு ஐஸ் தண்ணீர். ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்டாலும் விரல்கள் மரத்துப்போகும். மீனைப் பிடி, முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை இழு, சதையைப் புரட்டு, எறி. நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்றிருந்தது கோடையில் பதினாறாயிற்று. கூலி மட்டும் நகரவில்லை.

அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி போன இடத்தில் குளங்கள் வந்தன. தாத்தா ஹோல்காம் பருத்தி விற்றார், இந்த ஆலையின் முதலாளியான பேரன் ஹோல்காம் மீன் விற்கிறார். குனிந்து நிற்கிற கைகள் அன்றும் கறுப்புதான், இன்றும் கறுப்புதான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய மீனின் எலும்பில் கத்தி சிக்கியது. அர்லீத்தா வெட்டி இழுத்தபோது மணிக்கட்டில் 'பட்'டென்று ஒரு சத்தம். அவள் அலறினாள். பெல்ட் நிற்கவில்லை. ஆலை நர்ஸ் கட்டுப்போட்டு மறுபடி வரிசைக்கே அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து வலது கை மூடவே இல்லை. கத்தியின் பிடியைக் கட்டுத்துணிக்குள் செருகிக்கொண்டு ஒரு வாரமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் உழைத்த கை.

இன்று ஒன்பது மணிக்கு முதலாளி அறைக்கு அவள் போயாக வேண்டும். அங்கே ஒரு காகிதம் காத்திருக்கிறது. ஆலை நஷ்டஈடு தராமல் தப்பிக்க, வீட்டு வாசற்படியில் விழுந்து கை போயிற்று என்று அதில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டால் டப்பா அடைக்கிற பக்கம் இலேசான வேலை. போடாவிட்டால் வேலையே இல்லை. கணவன் லீராயின் சர்க்கரை வியாதிக்கு ஊசி மருந்து கம்பெனி இன்சூரன்ஸில்தான் வருகிறது. வேலை போனால் மருந்தும் போய்விடும்.

மூன்று வாரத்துக்கு முன் அதே வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த ஓசெல்லாவுக்கும் இதே கதிதான். தோள் இறங்கியவளைத் தனியே கூப்பிட்டார்கள், தனியே போனாள், கையெழுத்துப் போட மறுத்தாள். மத்தியானத்துக்குள் வாசலுக்கு வெளியே நின்றாள். அவளுக்காக மத்திய அரசின் தொழிலாளர் அலுவலகத்துக்கு அர்லீத்தாதான் போன் செய்தாள்.

"அவங்க போனப்ப கூட யாராவது இருந்தாங்களாம்மா?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"இல்லைங்க. ஒருத்தியாத்தான் போனா."

"மத்தவங்களுக்கும் சேத்துப் பேசினாங்களா?"

"அவ தோளுக்காகத்தாங்க பேசினா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சேந்து நிக்கறவங்களுக்குத்தாம்மா இந்தச் சட்டம். ரெண்டு பேர் இருந்தாலே போதும். ஒருத்தர் தனக்காகப் பேசினா புலம்பல்னு தள்ளிடுவாங்க. எழுதிக் குடுங்க, வாங்கி வைக்கறேன். ஆனா மறைக்காம சொல்லிடறேன், வாஷிங்டன்ல வாரியத்துல தீர்ப்பு சொல்ல ஆள் போதாது. நாற்காலிங்க காலியாக் கெடக்கு. உங்க ஆலை யூனியன் தேர்தல் கேஸும் அங்கதான் தூங்குது."

அந்தத் தேர்தல் ஏப்ரலில் நடந்தது. மத்திய அரசு ஆள் ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்து, பெட்டி காலி என்று கவிழ்த்துக் காட்டி, ஒட்டி முத்திரை வைத்தார். யூனியன் வேண்டும் என்று அறுபத்துநாலு ஓட்டு, வேண்டாம் என்று அறுபத்தொன்று. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். முதலாளி ஆட்சேபம் எழுதினார். அது வாஷிங்டனுக்குப் போய் அங்கேயே படுத்துவிட்டது. இந்த அரசாங்கம் ஒரு காலத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் சிப்பாய்களை ஏவியது. பிறகு அதுவே ஓட்டுப்பெட்டியோடு வந்து நின்றது. இப்போது போனை மட்டும் எடுக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியையே காணோம்.

வரிசையில் அர்லீத்தாவுக்குப் பக்கத்தில் நிற்கிற டெல்ஃபின் அந்த அறுபத்தொன்றில் ஒருத்தி. அதை அவள் மறைத்ததுமில்லை. "யூனியன் வந்தா ஆலைய மூடிட்டுப் போயிருவான். அப்புறம் உன் யூனியனையா சட்டியில போட்டு வறுக்கப்போற?" என்று அன்று கேட்டவள், அதன்பின் அர்லீத்தாவோடு பேசவில்லை. சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பேசவில்லை.

ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளன் ரஸ் வந்து நின்றான். "மிஸ் அர்லீத்தா, மொதலாளி கூப்பிடறாரு."

கையெழுத்துப் போட்டுவிடுவது என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். பொய் சொன்னதற்காக ஆண்டவரிடம் ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். லீராயின் மருந்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? ஆனாலும் கால் எழவில்லை.

டெல்ஃபின் கத்தியைக் கீழே வைத்தாள். "நானும் வரேன்."

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்றான் ரஸ்.

"யாரும் கூப்பிடல. அதான் வரேன்."

"உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்றாள் அர்லீத்தா.

"பேசாம நட. உன்மேல கோவம் இன்னும் போகல."

முதலாளி அறையில் தரைவிரிப்பு, ஹீட்டர், காப்பி வாசனை. இருவர் பூட்ஸிலிருந்தும் மீன் தண்ணீர் சொட்டியது.

"உக்காருங்க மிஸ் அர்லீத்தா" என்றார் ஹோல்காம். "டெல்ஃபின், நீ நல்ல பிள்ளையாச்சே. நீ எங்க இங்க?"

"அந்தக் கை என் பக்கத்துலதான் போச்சு சார். பட்டுன்னு என் காதுல விழுந்துச்சு. நான் நின்னது ஆலையில. அவ வீட்டு வாசப்படியில இல்ல."

ஹோல்காம் சிரித்தார். "சரி, யார்கிட்ட சொல்லப்போறீங்க? உங்க அரசாங்கம், அந்த சாம் மாமா, அவர் வீட்டுலதான் ஆளே இல்லையே! இங்க பாருங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"குடும்பத்துல கக்கூஸ் போக யாரும் சீட்டு வாங்கமாட்டாங்க சார்."

அவர் முகம் இறுகியது. காகிதத்தையும் பேனாவையும் அர்லீத்தாவின் முன்னால் தள்ளினார். அவள் வலது கையை நீட்டினாள். பழக்கம். விரல்கள் மூடவில்லை. பேனா உருண்டு கீழே விழுந்தது. அவரே எடுத்து மறுபடி கொடுத்தார். மறுபடியும் விழுந்தது.

"பாத்தீங்கல்ல சார்" என்றாள் அர்லீத்தா. "போட்டுடலாம்னுதான் வந்தேன். இப்ப போடமாட்டேன். இந்தக் கைய உங்க பெல்ட்டுலதான் தொலைச்சேன்."

"அப்ப கெளம்பலாம். டெல்ஃபின், நீயும்தான்."

டெல்ஃபின் குனிந்து பேனாவை எடுத்தாள். காகிதத்தைத் திருப்பிப் போட்டு, நின்றபடியே பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இந்தக் கை ஆலையில் போனது. நான் பக்கத்தில் நின்றேன்.' கீழே தன் பெயரைப் போட்டாள்.

"இது யூனியன் இல்ல. சொல்லிட்டேன்" என்றாள்.

"இல்லதான்" என்றாள் அர்லீத்தா. அவளுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அறைக்குள் மீன் வாடை ஏறியது. கதவு திறந்திருந்தது. வெளியே வெள்ளை ஏப்ரனும் தலையில் வலையுமாக வெட்டுகிற வரிசை மொத்தமும் நின்றது, ஏப்ரலில் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும். அவர்களுக்குப் பின்னால் எங்கோ, ஆளில்லாத பெல்ட் ஓடி மீன்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

"பெல்ட்டுல யாரு இருக்கா?" என்று கத்தினார் ஹோல்காம்.

"யாருமில்ல சார்" என்றான் ரஸ்.

நாளைக்கு வேலை இருக்குமா என்று அங்கே ஒருத்திக்கும் தெரியாது. அந்தக் காகிதத்தை வாஷிங்டனில் படிக்க ஆள் உண்டா என்பதும் தெரியாது. முன்னால் நின்றவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

டெல்ஃபின் பேனாவை அவளிடம் கொடுத்தாள்.