தொண்ணூறு விநாடி

ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் தலைமாட்டுப் பக்கம் என்னுடையது. கனம் அங்கேதான் அதிகம். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு பெரியவரை மூன்றாவது மாடியிலிருந்து இறக்கும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து போன் எடுக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கோ பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் எரிச்சல் வரும். வண்டிக்குத் திரும்ப ஒரே வழி, பத்துக் கிலோ இரும்பு பிளேட்டை முதுகில் ஏற்றி, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தும் தொண்ணூறு விநாடி பிளாங்க். தோற்றால் நிரந்தரமாகப் போன்தான்.

பயிற்சிக்கு என் கணவரின் அக்காவைப் பிடித்தேன். குறை கண்டுபிடிப்பதில் இந்த அண்ணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதினோரு வருடமாக என் சமையலிலும் துணி மடிப்பிலும் வீணாகிக்கொண்டிருந்த திறமை அது. தினமும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, என் முதுகைப் பக்கவாட்டில் பார்ப்பார். இடுப்பு தொங்குகிறது என்பார். தூக்கினால் ஒட்டகம் என்பார். முழங்கை தோளுக்கு நேர்கீழே இல்லை, கழுத்து நிமிர்ந்துவிட்டது, எல்லாம் அவர் கண்ணில் படும்.

"வயித்தை இறுக்கச் சொன்னா மூச்சையும் சேர்த்து இறுக்குற. மூச்சை விடு."

நாலு மாதத்தில் என் வயிறு பலகையாகிவிட்டது.

தேர்வன்று பிளேட்டை வைக்க அண்ணியே வந்தார். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தை அழுத்தினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. எண்பதாவது விநாடி வாக்கில் இடுப்பு இறங்கியது. முதுகில் அதே பழைய சுளீர். சமாளித்து மேலே கொண்டுவந்தேன். தொண்ணூறு ஆனதும் அதிகாரி பாஸ் என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

நானே வாயைத் திறந்தேன். "சார், கடைசியில இடுப்பு தொங்கிடுச்சு. நீங்க வாட்ச்சைப் பார்த்துட்டிருந்தீங்க."

திரும்பச் செய்து தோற்றால் அதைத்தான் எழுதுவேன் என்று அவர் எச்சரித்தார். அண்ணி என் கையைக் கிள்ளினார்.

"நான் பக்கத்துலயே இருந்தேன் சார். ஒண்ணும் தொங்கல."

பச்சைப் பொய். அவர் கண்ணுக்குத் தப்பிய குறை இனிமேல்தான் பிறக்க வேண்டும். எனக்காகச் சொன்ன பொய் என்பதால் அவர்மேல் பாசம் பொங்கியது. ஆனால் படிக்கட்டில் அந்த இடுப்பு இறங்கினால் ஸ்ட்ரெச்சரில் இருப்பவர் தலைகுப்புற விழுவார். எனக்கு வேலையும் வேண்டும், வெட்கமில்லாமல் செய்யவும் வேண்டும். பத்து நிமிடம் ஓய்வு கேட்டேன்.

இரண்டாம் முறை அதிகாரியும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டார். நான் பிட்டத்தை இறுக்கினேன், வயிற்றை இறுக்கினேன், மூச்சை மட்டும் விட்டு விட்டு இழுத்தேன். எண்பதில் கண்ணில் வியர்வை இறங்கியது. இடுப்பு அசையவில்லை. அது எனக்கே தெரிந்தது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி போதும் என்றார். அண்ணி அழுதுகொண்டு நின்றாரே தவிர பிளேட்டை எடுக்கவில்லை.

"எடுங்க அண்ணி. நாளைக்குக் காலைல எனக்கு வண்டி இருக்கு."