நாற்பத்தொன்றாவது மூட்டை

தம்பி தர வேண்டிய பணம் நாற்பத்தோராயிரத்து முந்நூறு. தன் குடலிறக்க ஆபரேஷனுக்காக அண்ணன் ஏழு வருஷம் மூட்டை தூக்கிச் சேர்த்தது. பழைய வேன் வாங்கவென்று தம்பி, "ரெண்டே மாசம்ண்ணே" என்று வாங்கிப் போனான். வேன் ஓடியது, பணம் வரவில்லை. நாலு வருஷம்.

அண்ணன் இடுப்பில் குடலிறக்க பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிடங்குக்குப் போய்வந்தான். லாரியில் ஏற்றும்போது மூட்டையை எண்ணிச் சொல்வதும் அவன்தான். அவன் குரலுக்குத்தான் மூட்டை தூக்கும் மற்ற ஐந்து பேரும் நடை போடுவார்கள். அன்று "முப்பத்தொம்போது, நாப்பது" என்றவன், அடுத்த மூட்டைக்கு "நாப்பத்தோராயிரத்து முன்னூறு" என்றான்.

"யோவ், தம்பியையும் சேர்த்து ஏத்திட்டியா?" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கப் பார்த்தான். அதற்குள் எண்ணிக்கை குலைந்துவிட்டது. மூன்று மூட்டை அதிகமாக ஏறி லாரி போய்விட்டது. ஆறு பேர் கூலியிலும் கை வைத்தார் மேஸ்திரி.

"இனி வேற ஆளு எண்ணட்டும். உன் வாய் உன்கிட்ட இல்ல."

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். மகள் மூன்று தரம் கூப்பிட்டது காதில் விழவில்லை. நான்காவது தரம் "சனியனே!" என்று சீறினான். பிள்ளை மிரண்டு அம்மா பின்னால் ஒதுங்கியது. அவனுக்கே பயம் வந்தது.

"அந்தப் பணத்தை விட்டுடறேன்" என்றான் மனைவியிடம்.

"அப்ப ஆபரேஷன்?"

"வயித்துக்குப் பெல்ட் இருக்கு. நெஞ்சுக்கு எந்தக் கடையில வாங்குறது?"

அவள் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்த வேகத்தில், "இப்ப கையில ஒண்ணும் இல்லண்ணே" என்றான் தம்பி.

"கேக்க வரலடா. நீ தரவே வேணாம். விட்டுட்டேன்."

தம்பி தெருவை எட்டிப் பார்த்தான், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. "நெஜமாவா? அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எழுதிக் குடுத்துடுண்ணே. நாளைக்கு மனசு மாறிட்டா?"

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான் என நினைத்து வந்தவன், தம்பி நீட்டிய டீசல் ரசீதை வாங்கிப் பின்பக்கம் திருப்பினான். "என் தம்பி" என்று எழுதியதும் கை நின்றது. நாலு வருஷமாக அந்த வார்த்தை அவன் வாயில் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை எழுதினான்: "எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை."

தம்பி இரண்டு தரம் படித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.