நிறைகுடமும் பிலிம் வேலையும்

எங்கள் நைனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். லைட்ஹவுஸ் குப்பத்தில் வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒருநாள், "எம்பொண்ணு ஐஸ்வர்யா பிலிம்ல கீறா" என்று பெருமை அடித்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. எந்த நடிகரோடு போட்டோ எடுத்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுத் தேவி ஓடி வந்து கேட்டாள்.

நான் வேலை பார்ப்பது மின்நிலைய டர்பைன்களில் சுழலும் பிளேடுகளைச் சீர்செய்யும் பட்டறையில். பிலிம் கூலிங் என் பிரிவு. பிளேடைச் சுற்றி ஓடும் காற்றுக்கு அந்த உலோகத்தையே உருக்கிவிடும் சூடு. உருகாமல் இருக்க, பிளேடில் பொடிப்பொடியாகத் துளை போட்டு, உள்ளிருந்து சூடு குறைந்த காற்றைக் கசியவிடுவார்கள். அது பாலேடு மாதிரி மேலே படர்ந்து நெருப்பை அண்டவிடாது. அந்த ஏட்டுக்குத்தான் பிலிம் என்று பெயர். நைனாவின் காதில் விழுந்தது அந்தப் பெயர் மட்டும்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பேச்சு பக்கத்து ஊர் தோணிரேவு வரைக்கும் போய் இருசம்மாளின் காதில் விழுந்துவிட்டது. அவர் தமிழ்வாணனின் அம்மா. தமிழ்வாணன் பழவேற்காடு கடைவீதியில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவன். கட்டினால் அவனைத்தான் என்று இருப்பவள் நான். "சினிமாக்காரி நம்ம வூட்டுக்கு வேணாம்" என்று அந்த அம்மாள் ஒரே போடாகப் போட்டுவிட்டார். மகன் கெஞ்சிக் கூத்தாடியதில், ஒருதரம் வந்து பார்க்கச் சம்மதித்தார். பிடிக்கவில்லை என்றால் பேச்சு அத்தோடு சரி. அம்மா மனம் நோக அவன் தாலி கட்டமாட்டான். அப்படி ஒரு தாலி எனக்கும் வேண்டாம்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். எங்கள் குப்பத்து வழக்கப்படி, பெண் நிறைகுடம் சுமந்துபோய் கரையோரத்து எல்லையம்மனுக்கு ஊற்றிக் குளிர வைத்த பிறகுதான் தட்டு மாற்றுவதைப் பற்றிப் பேசுவார்கள். குடத்தின் பின்னால் வருகிறவர்கள் செருப்பு போடக்கூடாது. அதனால் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். நான்தான் சும்மா இருக்காமல், பட்டறையில் கழித்துப் போட்ட பழைய பிளேடு ஒன்றை எடுத்து நீட்டினேன்.

இருசம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பூரா ஓட்டையா கீது?"

"நாங்கதான் ஓட்ட போடுறோம் அத்த."

"எம்புருசன் ஆயுசு பூரா படகுல ஓட்டய அடச்சாரு. நீ ஓட்ட போட்டு சம்பளம் வாங்குறியா?"

கூடம் மொத்தமும் சிரித்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். குரல் தானாக ஏறிவிட்டது. காற்று எங்கே கிளம்புகிறது, எப்படி உள்ளே நுழைகிறது, துளை ஏன் சாய்வாக இருக்கிறது என்று கத்திக் கத்தி விளக்கினேன். "பிளேடப் பத்தி பிளேடு போடாதடி" என்று தேவி என் தொடையில் கிள்ளினாள். நான் நிறுத்துவதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. இருசம்மாளின் முகம் இறுகிப்போயிருந்தது.

"இந்தக் கத்தலுக்கு சினிமாவே தேவல" என்று எழுந்தார். "வந்ததுக்கு அம்மனப் பாத்துட்டு அப்டியே கெளம்புறோம்."

நிறைத்த குடத்தை அம்மனுக்கு ஊற்றாமல் விடக்கூடாது என்று நான் தூக்கிக்கொண்டேன். தமிழ்வாணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நைனாவும் மற்றவர்களும் சவுக்குத் தோப்பு நிழலோடு சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். குடம் மட்டும் நேர்வழியில் போக வேண்டும். இடுப்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக நான் வெறும் மணலில் நடந்தேன். குடத்துக்குப் பின்னால் வருவது பையனின் அம்மா முறை என்று இருசம்மாள் வந்தார். கொஞ்ச தூரத்தில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். மீன்கூடை தூக்கித் தேய்ந்த கால்கள், குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. சூடு தாங்காமல் விரல் நுனியில் தாவித் தாவி வந்தார். வாயைத் திறந்து சொல்ல வீம்பு விடவில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

யோசிக்காமல் குடத்தைச் சாய்த்தேன். பதற்றத்தில் தண்ணீர் தபதபவென்று விழுந்து, மணல் தெறித்துக் குழியானது. அடுத்த அடி மறுபடியும் காய்ந்த மணலில்தான். பட்டறையிலும் இதே கதைதான். துளையில் காற்றை ஓங்கி ஊதினால் எகிறிக்கொண்டு போய்விடும், பிளேடில் ஒட்டாது. மெல்ல விட்டால்தான் படரும். குடத்தை லேசாகச் சாய்த்துப் பிடித்தேன். ஈரம் பாதையாக விரிந்தது.

"ஈரத்துலயே கால் வெச்சி வாங்க அத்த."

அப்படியே வந்தார். தாவுவது நின்றது.

"மண்ணு நெருப்பு மாதிரி. உங்க காலுதான் பிளேடு. நடுவுல இந்த ஈரம். அங்க தண்ணிக்குப் பதிலா காத்து வுடுறோம். இதான் அத்த என் வேல" என்றேன். இந்த முறை குரல் ஏறவில்லை.

அவர் குனிந்து ஈரத்தில் பதிந்த தன் காலைப் பார்த்தார். "அப்ப சினிமா இல்ல?"

"இல்ல அத்த."

"இத வூட்லயே இப்டி பொறுமையா சொல்றதுக்கு இன்னா?"

கோயிலுக்கு வந்து குடத்தை இறக்கினேன். உள்ளே வேப்பிலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் பார்க்க வந்த நாளில், அம்மன் முன்னால், காலிக் குடம்! நைனாவின் முகம் செத்துவிட்டது. "அபசகுனம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். தேவி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நான் தலையைக் குனிந்தேன்.

"எழவு வுழுந்தாப்ல எதுக்கு எல்லாரும் நிக்கிறீங்க?" என்றார் இருசம்மாள். "அம்மன குளிர வெக்கத்தான தண்ணி? நான் குளுந்துட்டேன். அவளும் பொம்பளதான, புரிஞ்சிக்குவா."

குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் அழுத்தி வைத்தார். அத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன், சந்தோஷத்தில்தான். "எம்பொண்ணு பிலிம்ல இல்லப்பா, கூலிங்ல கீறா" என்று நைனா ஆரம்பித்தார். "அப்ப எங்க வூட்டு பிரிட்ஜ கொஞ்சம் பாக்கச் சொல்லு" என்றாள் தேவி.

திரும்பும்போது இருசம்மாள் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடல் தண்ணீரை மொண்டு வந்தார். "இப்ப நான் முன்னால போறேன். நீ பின்னால வா."

"ஐயோ, எனக்கு இந்தச் சூடு பழக்கம் அத்த."

"வாடின்னா."

தபதபவென்று ஊற்றினார். மணல் தெறித்துப் பட்டுப்புடவை எல்லாம் பாழ். கத்த வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

"மெதுவா ஊத்துங்க அத்த."

"சரிடி இஞ்சினியரு" என்று குடத்தை லேசாகச் சாய்த்தார். ஈரம் படர்ந்தது. அதன்மேல் கால் வைத்து நடந்தேன்.