மூன்றாம் பக்கத் தாள்

பூட்டியிருந்த கடையின் வாசலில் குந்தியபடி, பேப்பர்க்காரர் நாளிதழ்க் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றிலும் இணைப்பிதழைச் செருகிக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம் கண்ணில் பட்டதும் கை நின்றுவிட்டது. ‘பாய்லர் வெடித்து உதவியாளர் பலி. இயக்கியவரின் அலட்சியமே காரணம்.’ இயக்கியவர் அவருடைய தம்பி. இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கடைசிப் பக்கத்தில் அதே ஆலையின் முழுப்பக்க விளம்பரம் கலரில் சிரித்தது.

பாய்லரில் ஆவி வெளியேறும் வால்வு இறுகிக் கிடக்கிறது என்று தம்பி சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிருந்தான். “ஆர்டர் முடியட்டும், பாத்துக்கலாம்” என்பதுதான் பதில். அதைப் பற்றிச் செய்தியில் ஒரு வரி கிடையாது.

பேப்பர் போடாவிட்டால் ஏஜென்ட் வேறு ஆளை வைத்துக்கொள்வார். தன் விரலாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டு, வீடு வீடாகப் போட்டார். மாடி வீட்டு டீச்சர் வாசலில் நின்றே படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

“செத்தவனுக்குக் கைக்குழந்தை இருக்காம். பொறுப்பத்தவன வேலைக்கு வச்சா இப்படித்தான்.”

“டீச்சர், அவன் என் தம்பி. வால்வு ரிப்பேர்னு அவன் சொல்லிட்டேதான் இருந்தான்.”

டீச்சர் பரிவாகத்தான் பார்த்தார். “கூடப்பொறந்தவரு, உங்களுக்கு அப்படித்தான் தோணும். விசாரிக்காமயா பேப்பர்ல போடுவாங்க?”

இத்தனை வருஷமாக மழையிலும் நனையாமல் அதே பேப்பரை டீச்சருக்குக் கொண்டுவந்து தந்தவர் பேப்பர்க்காரர்தான். அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார்.

அன்று போலீஸ் வாக்குமூலம் வாங்க வருவதாக இருந்தது. தம்பி நடந்ததை அப்படியே சொல்லிவிட்டால் தப்பிப்பான். இல்லாவிட்டால் காயம் ஆறியதும் ஜெயில். அதுவரை இந்தச் செய்தி அவன் கண்ணில் படக்கூடாது. பேப்பரில் வந்தால்தான் தனக்குக் கல்யாணம் ஆனதையே நம்புவான் என்று வீட்டில் அவனைக் கேலி செய்வார்கள். வார்டுக்குள் நுழையுமுன் அவர், தம்பிக்கென்று கொண்டுவந்த பேப்பரிலிருந்து மூன்றாம் பக்கத் தாளை உருவிச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

தம்பி மனைவி பேப்பரைப் பிடித்துப் பக்கம் புரட்ட, அவன் படித்துக்கொண்டே வந்தான்.

“அண்ணே, விளையாட்டுப் பக்கம் எங்க?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உருவிய தாளின் மறுபாதிதான் விளையாட்டுப் பக்கம். பேப்பர் மடித்தே தலை நரைத்தவர், பதற்றத்தில் கோட்டைவிட்டுவிட்டார்.

“இன்னைக்கு வரலடா.”

“பேப்பர்க்காரன் தம்பிக்கே வரலையா?”

பக்கத்துக் கட்டில்காரர் நல்ல மனுஷர். “இந்தாங்க, எங்கிட்ட முழுசா இருக்கு” என்று நீட்டினார். தம்பி மனைவி வாங்கி விரித்தாள். எதிரில் மூன்றாம் பக்கம். பேப்பர்க்காரர் கை நீட்டுவதற்குள் தம்பியின் கண் அதில் நிலைத்துவிட்டது.

கடைசி வரி வரை படித்துவிட்டுக் கேட்டான். “நாந்தான் கவனிக்காம விட்டுட்டேனா, அண்ணே?”

“டேய், சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன்னு நீதானடா சொன்ன!”

“சொன்னதாத்தான் ஞாபகம். ஆனா இவங்க நாலு பேர விசாரிச்சிருப்பாங்கல்ல? நான் மயங்கிக் கெடந்தவன்.”

“இவங்க யாரையும் விசாரிக்கலடா. என்னக் கேட்டாங்களா? உன்னக் கேட்டாங்களா?”

தம்பியின் கண் மறுபடி அச்சுக்கே போனது. அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போலீஸ்காரர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி மெதுவாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அச்சில் இருந்த அதே வார்த்தைகள். “சார், அவன் பயத்துல ஒளர்றான்” என்று பேப்பர்க்காரர் குறுக்கே விழுந்தார்.

“நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

கையெழுத்துப் போடவோ ரேகை வைக்கவோ முடியாதபடி இரண்டு கையிலும் கட்டு. போர்வையை விலக்கி, இடது கால் பெருவிரலில் மை தடவி, வாக்குமூலத்தின் அடியில் அழுத்தி எடுத்தார் போலீஸ்காரர். பிறகு, மையைத் துடைக்கக் கட்டிலில் கிடந்த பக்கத்துக் கட்டில்காரரின் பேப்பரை எடுத்தார்.

தம்பி காலை இழுத்துக்கொண்டான்.

“அதுல வேணாம் சார். விளையாட்டுப் பக்கம் இன்னும் படிக்கல.”