முதல் வார்த்தையை விழுங்காத குரல்

கண்ணாடிக்காரன் வீட்டில் காலையில் முதலில் காதில் விழுவது தம்பியின் கொசுதான். நிஜக் கொசு அல்ல. தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும். அதை அவன் கேட்கிற வேகம் இருக்கிறதே, அது மனிதர்கள் பேசுகிற வேகமே இல்லை. நமக்கு 'ங்ஙீ' என்று கொசு பறக்கிற மாதிரி இருக்கும். அவனோ அந்த இரைச்சலைக் கேட்டபடியே பல் துலக்குவான், நடுவில் சிரிப்பான், "அண்ணா, இன்னைக்கு மழையாம், குடை எடுத்துக்கோ" என்பான்.

அண்ணன்காரன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். போதுமான அளவு தடிமனாக ஒரு கண்ணாடி செய்துவிட்டால் தம்பிக்குப் பார்வை வந்துவிடும் என்று சின்ன வயதில் நம்பி, அதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவன். வந்த பிறகுதான் தெரிந்தது, எந்தக் கண்ணாடியும் அவனுக்கு ஆகாது என்று. இன்றைக்குத் தெருவில் பாதிப் பேரின் மூக்கில் அவன் கைவேலை உட்கார்ந்திருக்கிறது, சொந்த வீட்டில் ஒன்றுமில்லை. அவனால் முடியாததைக் கல்யாணமாகி வந்தவள் முடித்துக் காட்டினாள். அதனால் அவனுக்குப் பெண்டாட்டிமேல் இருப்பது வெறும் பிரியம் மட்டுமில்லை, கொஞ்சம் பக்தியும் உண்டு. பெண்டாட்டிதாசன் என்று நாலு பேர் சொல்லத்தான் செய்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டுமே!

அவள் பகலில் ஒரு கூரியர் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறாள். வீட்டுக்கு வந்து செய்வது வேறு. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் கூடிக் கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருக்கிற கம்ப்யூட்டர் ஏற்பாடு. அதற்குள் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள், ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ். கண்ணாடிக்காரன் அதைப் பொட்டலம் என்பான். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு. தம்பியின் கொசுப் பொட்டலத்துக்கு அவள்தான் பொறுப்பாளி. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தவறாமல் வரும்.

அந்தக் குரலை எழுதுகிறவர் வேறு ஏதோ நாட்டில் இருக்கிறார். ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிறவர் மாதிரி என்பதால் இப்படிப்பட்டவர்களை அப்ஸ்ட்ரீம் என்பார்களாம். அவர் கண்ட நேரத்தில் மெயில் போடுவதால் இந்த வீட்டில் அவருக்கு ஆந்தை என்று பெயர். ஆந்தை புதுப் பதிப்பு வெளியிட்டால், இவள் அதை இறக்கி, பிரித்துப் பார்த்து, தங்கள் லினக்ஸுக்குப் பொருந்துகிற மாதிரி அங்கங்கே ஒட்டுப் போட்டு, சோதித்து, கட்டி, தன் கையொப்பத்தோடு இணையத்தில் ஏற்றவேண்டும். அந்த ஒட்டுகளுக்கு பேட்ச் என்று பெயர். ஒரு பேட்ச்சை ஆந்தை தன் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டால், இவள் தன்னுடையதைக் கழற்றிவிடுவாள். சட்டையைப் புதிதாகத் தைத்துக் கொடுத்த பிறகு பழைய கிழிசலுக்கு ஒட்டு எதற்கு?

இந்த முறை விவகாரம் கொஞ்சம் முற்றியிருந்தது. தம்பி வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணைப் போனில். எந்த மருத்துவர் எந்த மாடியில், எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். திரையில் இருப்பதைக் கொசு காதில் ஓதும், இவன் அதைத் தேனாகச் சொல்லுவான். அவன் குரலைக் கேட்கவே போன் செய்கிற பாட்டிமார்கள் உண்டு என்று அவனே பீற்றிக்கொள்வான். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களை எல்லாம் புது லினக்ஸுக்கு மாற்றப்போகிறார்கள். அதில் குரல் வரவில்லை என்றால் அவனைத் துணி மடிக்கிற இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று மேற்பார்வை அம்மா சொல்லிவிட்டாள். கெட்டவள் இல்லை, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"மடிக்கிறதுக்கென்ன, நல்லா மடிப்பேன்" என்றான் தம்பி அன்று சாப்பிடும்போது. "ஆனா போர்வை எதுவும் எங்கிட்ட வழி கேக்காது, பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய குரல் புது லினக்ஸில் ஓடாது. ஆந்தையின் புதுப் பதிப்புதான் ஓடும். அதுவோ கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. அது வந்த அன்றே சாயங்காலம் லினக்ஸ்காரர்கள் கதவு சாத்துகிறார்கள். அதற்குமேல் உள்ளே எதையும் விடமாட்டார்கள். வெளியே நின்றது அடுத்த பதிப்பு வரைக்கும் வெளியேதான், அதற்கு இரண்டு வருடமாவது ஆகும்.

லீவு போட்டுவிட்டு அவள் காலையிலேயே உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரனும் கடைக்குப் போகவில்லை. உதவி ஒன்றும் செய்யத் தெரியாது, காபி கொண்டுவந்து வைப்பான், ஆறிய காபியை எடுத்துப்போவான். அவள் முகத்தைப் பார்த்தே நிலவரம் சொல்லிவிடுவான். புருவம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் ஏதோ உடைந்திருக்கிறது, உதட்டைக் கடித்தால் காரணம் தெரிந்துவிட்டது, முடியை அள்ளிக் கொண்டை போட்டால் பிரச்சினைக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது. அன்று இரண்டு தடவை கொண்டை போட்டாள்.

அவள் போட்டிருந்த பேட்ச்சுகளில் ஒன்று மட்டும் அவனுக்கும் தெரியும். முன்பெல்லாம் தம்பியின் அசுர வேகத்தில் அந்தக் குரல் ஒவ்வொரு வரியிலும் முதல் வார்த்தையை விழுங்கிவிடும். ஆஸ்பத்திரிப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் மாடியில்தான் ஆரம்பிக்கும். 'இரண்டாம் மாடி' என்பது வெறும் 'மாடி' என்று வரும். தம்பி குத்துமதிப்பாக ஐந்து என்று சொல்லப்போக, முழங்கால் வலிக்காரர் ஒருவர் ஐந்து மாடி ஏறிப்போய்க் கண் மருத்துவர் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அந்தப் பெரியவர் போனில் திட்டிய திட்டில்தான் அந்த பேட்ச் பிறந்தது. அவள் ராப்பகலாக உட்கார்ந்து எழுதினாள். இப்போது ஆந்தையே புதுப் பதிப்பில் எழுதியிருந்தார்: 'முதல் வார்த்தை விழுங்கும் கோளாறு சரிசெய்யப்பட்டது. ஒட்டுப் போட்டவர்கள் கழற்றிவிடலாம். நன்றி.'

அதைப் படித்துக் காட்டும்போது அவள் முகம் மலர்ந்துபோனது. அந்த பேட்ச்சைக் கழற்றினாள். மற்றவற்றைச் சரிபார்த்துத் திரும்ப ஒட்டினாள். பொட்டலம் கட்டியாயிற்று. கட்டி முடிந்ததும் சோதனைகள் ஒவ்வொன்றாக ஓடும், தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. திரை முழுக்கப் பச்சை.

"பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரிதான். கண்ண மூடிக்கிட்டு ஏத்திடு" என்றான் கண்ணாடிக்காரன்.

"ஏங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கிற ஆள் ஒருத்தர் இருக்காரே, அவர் இன்னும் கேக்கலையே."

"அவன் டியூட்டில இருக்கான்மா. சாயங்காலம் கதவு சாத்திடுவாங்கன்னு நீதான சொன்னே?"

"ஆமா. ஆனா தம்பி காதுல விழாம இதுவரைக்கும் நான் ஒண்ணையும் ஏத்தினதில்ல. அந்த வேகத்துல எனக்கே ஒரு எழவும் புரியாது. வண்டிய எடுங்க."

அவனுக்கு உள்ளுக்குள் கோபம்தான். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறாளே என்று. ஆனாலும் ஸ்கூட்டரை எடுத்தான். பின்னால் அவள் லேப்டாப் பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் சிக்னல்கள் சொல்லிவைத்த மாதிரி சிவப்பாகவே விழுந்தன.

தம்பிக்கு இடைவேளை வரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். அவன் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தான். படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, தன் வேகத்துக்கு முடுக்கிவிட்டான். அவள் ஆஸ்பத்திரிப் பட்டியலையே ஓடவிட்டாள். ஹெட்போன் ஓரத்தில் கொசு கசிந்தது.

தம்பி தலையை ஒரு பக்கம் சாய்த்தான்.

"அண்ணி, 'மாடி, எலும்பு மருத்துவர்'ங்குது."

"எத்தனாவது மாடி?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அவள் முகம் வெளுத்து நின்றதைக் கண்ணாடிக்காரன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள், முதல் வார்த்தை வந்தது. மறுபடி கூட்டினாள், போய்விட்டது. ஆந்தை சரிசெய்தது மற்ற மனிதர்களின் வேகத்துக்கு. தம்பியின் வேகத்துக்கு அல்ல.

"ஆனா எல்லாம் பச்சையா வந்துதே!" என்றான் கண்ணாடிக்காரன்.

அவள் கழற்றிப்போட்ட பேட்ச்சைத் திறந்து பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இந்த வேகத்துல முதல் வார்த்தை வருதான்னு பாக்கற டெஸ்ட்டும் அந்த பேட்ச்சுக்குள்ளதாங்க இருந்துது. ஒட்டைக் கழட்டினேன், கூடவே டெஸ்ட்டும் போயிடுச்சு. கேள்வி கேக்கறவனை வெளிய அனுப்பிட்டு, எல்லாரும் சரியாப் பதில் சொல்றாங்கன்னு நெனச்சிருக்கேன்."

கண்ணாடிக்காரன் யோசித்துப் பார்த்தான். அவன் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு ஏற்றியிருந்தால்? பச்சைப் பச்சையாக, கையொப்பத்தோடு, கோளாறும் உள்ளே போயிருக்கும். தம்பி போர்வை மடித்துக்கொண்டிருப்பான். ஸ்கூட்டரில் வரும்போது மனசுக்குள் அவளைத் திட்டியதையெல்லாம் திரும்ப விழுங்கிக்கொண்டான்.

"நேரம் இருக்கா?" என்றான்.

"பேசாம இருந்தா இருக்கு" என்றாள். கொண்டை போட்டுக்கொண்டாள்.

அந்தப் படிக்கட்டில், வருகிறவர் போகிறவர் செருப்புக் கால்களுக்கு நடுவில், அவள் வேலை செய்ததைப் பார்க்கவேண்டுமே! முதலில் கோளாறைத் தொடவில்லை. அந்தப் பழைய டெஸ்ட்டை எடுத்துத் தனியாக, எந்த ஒட்டோடும் ஒட்டாமல் வைத்தாள். ஓடவிட்டாள். சிவப்பு விழுந்தது. சிவப்பைப் பார்த்து அவள் சிரித்தாள்! உடைந்ததை உடைந்தது என்று சொல்ல ஆள் வந்துவிட்டான், இனி பயமில்லை என்பது போல. அப்புறம்தான் ஆந்தை எழுதியதைப் படித்தாள். அவர் எழுதியதைத் தூக்கி எறியவில்லை, தன்னுடையதைத் திணிக்கவும் இல்லை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நாலே வரி கூட்டினாள். நேரம் நெருக்கும்போதுகூடப் பிறத்தியாரின் வேலையை மதிக்கிற அந்தக் கை கண்ணாடிக்காரனுக்குப் பிடித்திருந்தது. ஒரு லென்ஸைத் தேய்க்கும்போது அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் அவன்.

மறுபடி கட்டினாள். தம்பி மறுபடி கேட்டான்.

"இரண்டாம் மாடி, எலும்பு மருத்துவர். மூன்றாம் மாடி, குழந்தை மருத்துவர். ஐந்தாம் மாடி, கண் மருத்துவர்" என்று ஒப்பித்தான். "அண்ணி, அந்த முழங்கால்காரருக்கு இனி கவலையில்ல. நான் போறேன், இடைவேளை முடிஞ்சுது."

இனி ஏற்றவேண்டியதுதான் பாக்கி. பார்த்தால் அந்தப் படிக்கட்டில் போனுக்கு சிக்னல் இல்லை. ஒரு கோடுகூட இல்லை. லிஃப்ட் முன்னால் ஆஸ்பத்திரியே திரண்டு நின்றது. கண்ணாடிக்காரன் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான், அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், இருவரும் மாடி ஏறினார்கள். இரண்டில் இல்லை. மூன்றில் இல்லை. நான்கில் ஒரு கோடு வந்து கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனது. ஐந்தாம் மாடியில், கண் மருத்துவர் அறைக்கு எதிரே இருந்த ஜன்னலில்தான் கிடைத்தது. முழங்கால்காரரின் சாபம் என்று மூச்சிரைக்க அவன் சொன்னான். அவள் ஜன்னல் கட்டையில் லேப்டாப்பை வைத்து, கையொப்பம் போட்டு, ஏற்றிவிட்டாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மெயில் வருவதற்குள் கண்ணாடிக்காரனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வந்தது.

அவள் அதோடு விடவில்லை. அந்த ஜன்னலில் நின்றபடியே நாலு வரியையும் டெஸ்ட்டையும் ஆந்தைக்கும் அனுப்பினாள். அன்றே பதில் வந்துவிட்டது. முன்பு அவள் பேட்ச்சோடு அனுப்பிய டெஸ்ட்டை, ஓட நேரமெடுக்கிறது என்று தான்தான் சேர்க்காமல் விட்டதாகவும், இத்தனை வேகத்தில் ஒரு மனிதர் கேட்பார் என்று நம்ப முடியவில்லை என்றும், இனி அந்த டெஸ்ட் இல்லாமல் எதையும் வெளியிடமாட்டேன் என்றும் எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களை மாற்றிய நாளன்று கண்ணாடிக்காரனுக்குக் கடையில் கை ஓடவில்லை. ஒரு லென்ஸை வெட்டும்போது உடைத்தான். முதலாளி முறைத்தார். பொறுக்கமாட்டாமல் பின்பக்கம் போய், விசாரணை எண்ணுக்குப் போன் போட்டான். தம்பிதான் எடுத்தான்.

கண்ணாடிக்காரன் குரலை மாற்றிக்கொண்டு, "சார், முழங்கால் வலி. எந்த மாடிக்கு வரணும்?" என்றான்.

அந்தப் பக்கம் ஒரு நொடி கொசு பறந்தது.

"இரண்டாம் மாடிங்க. எலும்பு மருத்துவர், பத்து மணியிலேர்ந்து இருப்பார். லிஃப்ட்ல வாங்க, ஏறாதீங்க" என்றான் தம்பி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, வேலை நேரத்துல சொந்த போன் பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? மேற்பார்வை அம்மா பின்னாடியே நிக்கறாங்க. இந்த நாற்காலி எனக்குத்தானாம். வெச்சிடு."

அவன் வைத்துவிட்டான். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். இரண்டாம் மாடி என்று முழுசாகச் சொன்னானாம், முதல் வார்த்தை கணீரென்று வந்ததாம், நாற்காலி அவனுக்கேதானாம். நீ மட்டும் அன்னைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தால் குடி கெட்டிருக்கும், உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்துவைத்தவன் என்று, வருடக்கணக்காக மனசிலேயே வைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தில் ஒரு சிவப்பு ஓடி மறைந்தது. ஆனால் புருவம் மட்டும் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருந்தது.

"அதெல்லாம் சரிங்க" என்றாள். "எந்த வேகத்துல கேட்டான்?"

"அவன் வேகத்துலதான்."

அப்போதுதான் புருவம் பிரிந்தது. கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.