தீயணைப்பு வண்டி ஆடிய மாலை

நெய்வேலியில் கிடாரையும் பறையையும் சேர்த்துத் தீயணைப்பு வண்டியையே ஆடவைத்த மகான் தான்தான் என்று சோமசுந்தரம் டீக்கடையில் அறிவித்தார். போன மாதம் வரை கதையில் வண்டி ஒன்று. இன்றைக்கு இரண்டு; தண்ணீர்க் குழாய்கூடப் படமெடுத்து ஆடியதாம்.

“அடுத்த மாசம் யானை வரும்,” என்றார் கூட வேலை பார்த்த ஜெயராமன். “அப்படி ஒண்ணு நடக்கவே இல்லய்யா.”

சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்ந்தவர் சோமசுந்தரம். மனைவி தமயந்தி போனபின் வீட்டில் அவர் பேச்சை மறுக்கக்கூட ஆளில்லை. மிக்சி ஓடினால் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கதை மெலிந்தால் டீக்கடையிலும் கேட்க ஆளிருக்காது என்று தீனி போட்டுக் கொழுக்க வைத்தார்.

இன்று கேட்கவென்றே ஒரு பெண் வந்திருந்தாள். இசைப்பிரியா. போன மாதம் இறந்த காண்ட்ராக்ட் தொழிலாளி தனகோட்டியின் மகள்.

“எங்கப்பா டவுன்ஷிப் மேடையில ஏறி பறை அடிச்சாராமே, நெசமாங்க? சாவு வூட்டத் தவுர அவர யாரும் எதுக்கும் கூப்ட்டதில்லன்னு அம்மா சொல்லுது.”

சோமசுந்தரத்துக்கு இருபது வயது குறைந்தது. கப்பல் வேலை பார்த்த மச்சான் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் ஜூலுக்காரர்கள் தரையை உதைத்துப் பாட, வெள்ளைக்காரன் ஒருவன் ராக் வாசித்ததைச் சொன்னார். அன்றே கிடாரோடு தனகோட்டி வீட்டு வாசலில் போய் நின்றதைச் சொன்னார். மேடையேறுமுன் பறையைத் தீயில் காய்ச்சத் தனகோட்டி வைக்கோல் கேட்க, ‘கரி வெளையுற ஊர்ல வைக்கோல் எதுக்குய்யா?’ என்று இவர் ஒரு கூடை நிலக்கரியைக் கொளுத்திவிட்டார். கிளம்பிய புகையில் மேடையே காணாமல் போனது.

“ரெண்டு வண்டி வந்துச்சுங்களா?”

“மூணு!” என்றது பழகிய வாய்.

அவள் முகம் வாடியது. “அப்ப எங்கப்பாவும் இப்டி அள்ளி வுட்டதுதானா?” எழுந்து ஸ்கூட்டியை நோக்கி நடந்தாள்.

சோமசுந்தரம் ஊதி ஊதிப் பெருக்கிய பலூனோடு தனகோட்டியும் பறந்து போய்விட்டான். “ஒண்ணுதாம்மா… ஒரே வண்டிதான்,” என்றார். அது அவருக்கே பொய்போலக் கேட்டது.

“நில்லும்மா,” என்றார் ஜெயராமன். டீ கிளாசைப் பார்த்தபடியே பேசினார். “மேடை பத்திக்கிச்சுன்னு பயந்து போன் போட்டதே நான்தான். வந்த ஃபயர் சர்வீஸ்காரங்க தண்ணியே பீச்சல. உங்கப்பா நடு மேடையில நின்னு அடிச்சாரு. எல்லாரும் ஆடுனாங்க. நானும்தான். பறைக்கு ஆடுனேன்னு எங்க ஊர்ச் சனம் காதுக்குப் போயிடக் கூடாதுன்னு இத்தன வருசமா இல்லேன்னே சாதிச்சேன்.”

“வண்டி?” என்றாள் அவள்.

“பூட்ஸ் காலோட மேல ஏறி நின்னு குதிச்சானுங்க. செவப்பு லைட்டு சுத்திக்கிட்டே இருந்துச்சு.” ஜெயராமன் தலையைத் தூக்கினார். “ஆடுச்சும்மா.”