ஓடைக் கதவை அடைக்கும் நாள்

டாரண்ட் குடும்பம் ஆல்டர்கூமில் இருநூற்றுப் பத்து ஆண்டுகளாக நிலம் வைத்திருக்கிறது. இத்தனை காலத்தில் நாங்கள் ஒரு முழத்தையும் விற்றதில்லை, எந்த வழக்கிலும் இழந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரக்கதவுக்காகவா இந்தக் கிழவன் இப்படிச் செய்தான் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மரக்கதவுக்காக நான் எதையும் செய்யவில்லை.

தேவாலயத்தின் பின்வாசலில் தொடங்கி எங்கள் ஆட்டு மேய்ச்சல் நிலத்தின் ஊடே இறங்கி, ஓடையின் நடைபாலத்தைத் தாண்டி, பழைய மாவு ஆலைக் குடிசைகளுக்குப் போகிறது ஓர் ஒற்றையடிப் பாதை. நிலம் எங்களுடையது, நடப்பது ஊர். என் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறார்கள், நாங்களும் தடுத்ததில்லை. ஆனால் சட்டம் ஒன்று உண்டு. தடையே இல்லாமல் இருபது ஆண்டுகள் நடந்துவிட்டால் பாதை ஊருக்குச் சொந்தமாகிவிடும். அதனால் ஆண்டுக்கு ஒரு நாள், பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை, சூரியன் எழுந்ததிலிருந்து விழும்வரை ஓடைக் கதவைப் பூட்டிவிட்டு அதன் அருகில் நிற்போம். யார் வந்து திரும்பிப் போனார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். என் தாத்தா நின்றார், என் அப்பா காய்ச்சலோடு நின்றார். நான் நாற்பத்தொரு முறை நின்றிருக்கிறேன்.

அந்த நாளில் யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. வேண்டுமென்றே வந்து திரும்பிப் போகிறவர்களும் இருந்தார்கள். திருமதி பிராசர் ஆண்டுதோறும் தன் நாயோடு வருவாள். "எழுதிக்கோங்க மிஸ்டர் டாரண்ட், நாயையும் சேர்த்து எழுதுங்க. போன வருஷம் அவன் பேரை விட்டுட்டீங்க, ஒரு வாரம் சாப்பிடல" என்பாள். பாதிரியார் வந்து, "மோட்ச வாசலையாவது திறந்து வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் வேலையாள் கிளெம் யாப்பின் குடுவையிலிருந்து ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊர் மன்றத்தில் புதிதாக வந்த சிலர், பாதை ஊருடையது என்று மனுப் போடக் கிளம்பினார்கள். வெளியூரிலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. மனுவில் அறுபத்து மூன்று கையெழுத்துகள் இருந்தன. மூன்றாவது கையெழுத்து ஹெஸ்டர் டாரண்ட். என் மகள், ஒரே பிள்ளை.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் அவளிடம் கேட்டேன்.

"உன் கையெழுத்துதானா?"

"என் கையெழுத்துதான். நமக்கு அப்புறம் இந்த இடம் யார் கைக்குப் போகும்னு யோசிச்சீங்களா அப்பா? எவனோ வந்து முள்கம்பி போட்டுட்டான்னா? ஊர் பேர்ல இருந்தா அந்தப் பாதை இருக்கும்."

"உன் தாத்தா காய்ச்சலோட நின்ன கதவு அது."

"தெரியும். அவருக்குக் கம்பளி கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களுக்கு எதிரான காகிதத்தில் எங்கள் பெயரையே எழுதிக்கொடுத்திருந்தாள். டாரண்ட் வீட்டில் எனக்கு மகள் இல்லை என்று அந்த மேசையிலேயே சொன்னேன். சொன்ன சொல்லிலிருந்து நான் பின்வாங்கியதில்லை. அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியேறினாள். ஆலைக் குடிசைகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்தாள்.

என் மனைவி வினிஃப்ரெட் எதுவும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் தொப்பியை மாட்டிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கிப் போவாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது அவள் கையில் ஏதாவது பாத்திரம் இருக்கும். அதில் இருந்ததை நானும் சாப்பிட்டேன். யார் சமைத்தது என்று கேட்டதில்லை.

நான்கு ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு ஒரு நவம்பரில் வினிக்குப் புற்றுநோய் என்றார்கள். ஜனவரியில் அவளால் நடக்க முடியாமல் போனது. கட்டிலைக் கீழ்க் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஓடையைப் பார்த்த ஜன்னலோரம் போட்டோம். செவ்வாய்க்கிழமைகள் நின்றுபோயின. ஹெஸ்டரை வரச்சொல் என்று வினி என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

பிப்ரவரியின் கடைசி வெள்ளி வந்தது. மூன்று நாள் மழையில் ஆற்றுப் பாலத்துச் சாலை மூழ்கியிருந்தது. ஆலைப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வர ஓடைப் பாதை ஒன்றுதான் மிச்சம். காலையில் வந்த செவிலி, திருமதி பெடோஸ், வினியைப் பார்த்துவிட்டு வாசலில் என்னிடம் சொன்னாள்.

"இன்னைக்கோ நாளைக்கோதான். உங்க பொண்ணுக்கு நான் போன் பண்ணிட்டேன். கோச்சுக்கிட்டா கோச்சுக்கோங்க."

நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். அந்த ஆண்டு பூட்டாமல் விட்டிருக்கலாமே என்பார்கள். அந்த மனுவின் மேல் அக்டோபரில் விசாரணை என்று தேதி வந்திருந்தது. அந்த ஆண்டை விட்டுவிட்டால், கதவைப் பூட்டும் வழக்கமே இல்லை என்று அவர்களுடைய வக்கீல் எழுந்து சொல்லியிருப்பார்.

பத்தரை மணிக்கு ஹெஸ்டர் நடைபாலத்தைத் தாண்டி வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இந்தப் பக்கம் நான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த கிளெம் எழுந்து நின்றான்.

"அம்மாவைப் பாக்கணும்" என்றாள்.

நான் பூட்டின் மேல் கையை வைத்தேன்.

"முதலாளி, வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றான் கிளெம். "வீட்டு ஆளுங்க போகலாம், வரலாம், அது கணக்கே இல்ல. வெளியாள் ஒருத்தரை விட்டாத்தான் வம்பு. இவ வீட்டு ஆளு. திறங்க. நான் எழுதவே மாட்டேன்."

எனக்கு அது தெரியாமல் இல்லை. ஹெஸ்டருக்கும் தெரியும், அந்தக் கதவருகில் வளர்ந்தவள் அவள்.

"அதைத்தான் கேக்குறேன்" என்றாள் அவள். "நான் யாருன்னு அவரே சொல்லட்டும் கிளெம். மகள்னு ஒரு வார்த்தை சொல்லித் திறக்கட்டும், வர்றேன். இல்ல, ஊராள்னா எழுதிக்கட்டும், போறேன்."

"ஏம்மா, கதவு உன் இடுப்பு உயரம்தானே? சின்ன வயசுல ஆட்டுக்குட்டி மாதிரி தாண்டுவியே. தாண்டி வா. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நிக்குறோம்."

"திருடி மாதிரி ஏறிக் குதிச்சு எங்க அம்மாவைப் பாக்க வரமாட்டேன்."

"நல்லா இருக்கு. அப்பனும் பொண்ணும் ஒரே இரும்புல அடிச்ச ஆணி" என்றான் கிளெம்.

மகள் என்று நான் சொன்னால், மனுவில் அவள் போட்ட கையெழுத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்று நினைத்தேன். அப்படித்தான் அப்போது பட்டது. அவள் தலைமுடியெல்லாம் தூறலில் நனைந்திருந்தது. கடைசியில் நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"முதலாளி, வேணாம்" என்றான் கிளெம். பேனாவைத் தர மறுத்தான். அவன் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்தேன். "ஹெஸ்டர் டாரண்ட், ஆலைக் குடிசை. பத்து நாற்பதுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்" என்று என் கையால் எழுதினேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டு, "தேதி போடல" என்றாள். தேதி போட்டேன். அவள் திரும்பி நடந்தாள்.

அக்டோபர் விசாரணையில் நாங்கள் வென்றோம். விசாரணை அதிகாரி அந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். சொந்த மகளையே திருப்பி அனுப்பியவர் பொய்யாகக் கதவை அடைத்திருக்க முடியாது என்று தீர்ப்பில் எழுதினார். ஹெஸ்டர் அந்த விசாரணைக்கு வரவில்லை. அதற்குள் ஊரை விட்டே போயிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கிளெமைக் கதவருகில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். வினி விழித்திருந்தாள்.

"ஹெஸ்டர் வந்தாளா?"

"ரோடு முழுக்கத் தண்ணி, வினி. வர முடியல போல."

என் வாழ்நாளில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவள் மெதுவாக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"காலையில இருந்து நான் இங்கதான பாத்துட்டிருக்கேன், ஹியூபர்ட். ரெண்டு பேரும் ஒரே மாதிரி நின்னீங்க. தோளைக்கூட ஒரே மாதிரி தூக்கிக்கிட்டு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"சூரியன் விழட்டும்" என்றேன். "பூட்டைத் திறந்துட்டு நானே போறேன். நானே கூட்டிட்டு வர்றேன்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு முப்பத்தெட்டு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றே கால்.

"அப்போ நான் கொஞ்சம் இருந்துதான் ஆகணும்" என்றாள். "போங்க, கதவுகிட்டப் போங்க. கிளெம் நனையுறான்."

நான் போனேன். போ என்று அவள்தான் சொன்னாள் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாலரை மணிக்குத் திருமதி பெடோஸ் வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். கிளெம் என் முன்னால் கையை நீட்டினான்.

"சாவியைக் குடுங்க முதலாளி. நான் ஓடிப்போய் ஹெஸ்டரைக் கூட்டிட்டு வந்துடுறேன். பத்து நிமிஷம்."

"இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு" என்றேன்.

"யாருக்கு?" என்றான் அவன்.

நான் சாவியோடு மேட்டில் ஏறினேன். எழுபத்தாறு வயதில் என்னால் முடிந்த அளவு ஓடினேன். வினியின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவற்றை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை. நான் கையைப் பிடித்ததும், "ஆச்சா?" என்றாள். மணி எத்தனை என்று கேட்டாளா, கதவு திறந்தாயிற்றா என்று கேட்டாளா, தெரியவில்லை. "ஆச்சு" என்றேன். நாலே முக்காலுக்கு அவள் மூச்சு நின்றது.

அதன்பின் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். செவிலி வந்து போர்வையைச் சரிசெய்தாள், தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வெகு நேரம் கழித்துக் கிளெம் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான்.

"சூரியன் விழுந்துடுச்சு, முதலாளி."

ஹெஸ்டரிடம் போய்ச் சொல்கிறேன் என்று அவனே முன்வந்தான். வேண்டாம் என்றேன். நான் போவதாக வினியிடம் சொல்லியிருந்தேன்.

பூட்டைத் திறந்தேன். நடைபாலத்தில் தண்ணீர் பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஆலைக் குடிசையின் சமையலறையில் விளக்கு எரிந்தது. நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே அது திறந்தது.

ஹெஸ்டர் கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள், காலில் ரப்பர் பூட்ஸ். கையில் துணியில் சுற்றிய ஒரு கிண்ணம். பாலில் அரிசி வேகவைத்து அவள் அம்மாவுக்குச் செய்யும் இனிப்பு, வாசனையிலேயே தெரிந்தது. சூரியன் விழும் நேரம் அவளுக்கும் தெரிந்திருந்தது. அவளும் அதற்காகத்தான் கிளம்பி உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. நான்கு ஆண்டுகளில் நான் காணாத முகம்.

"நீங்களே வந்துட்டீங்களா?" என்றாள். "இருட்டுல அந்தப் பலகையில ஏன் வந்தீங்க? நான்தான் கிளம்பிட்டேனே."

என் கையைப் பற்றி வாசற்படியிலிருந்து இறக்கிவிட்டாள்.

"காலையில நான் பேசுனது கொஞ்சம் அதிகம்தான். அம்மாகிட்ட ரெண்டு பேரும் திட்டு வாங்கிக்கலாம். அவங்க ஏதாவது சாப்பிட்டாங்களா? ரெண்டு ஸ்பூனாவது இறங்கும்னு நினைக்குறேன். வாங்க, ஆறிடும்."

அவள் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பாலத்தில் எங்கே வழுக்கும், எங்கே கால் வைக்கவேண்டும் என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள். பாலம் முடிந்தது. திறந்து கிடந்த கதவைத் தாண்டினாள். மேட்டின் மேலே எங்கள் கூடத்து ஜன்னல் தெரிந்தது. செவிலி அதற்குள் திரையை இழுத்து மூடியிருந்தாள். ஹெஸ்டர் இன்னும் தலையை நிமிர்த்தி அதைப் பார்க்கவில்லை.

"மகளே, நில்லு" என்றேன்.

அவள் நின்றாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அந்த வார்த்தையை நான் சொல்வதற்கு வேறு எந்தக் காரணமும் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.